எந்த வருஷத்து உலகம், மாமா?

கஜகஸ்தானின் தலைநகர் எது என்று கேட்டால், "எந்த வருஷம் மாமா?" என்று திருப்பிக் கேட்கிறாள் ஏழாம் வகுப்புக்காரி. புவியியல் வினாடி வினாவுக்காக எங்கள் குடியிருப்பின் தாய்மார்கள் என்னிடம் ஒப்படைத்த மூவரில் அவள் ஒருத்தி. (ஓய்வு பெற்றவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்துக்குப் பொறுக்காது.)

அவள் கேட்டது நியாயம்தான். 1997-இல் அல்மாட்டியை விட்டு அக்மோலாவுக்கு மாறினார்கள். மறுவருஷமே அந்த ஊர் அஸ்தானா ஆனது. 2019-இல் நூர்சுல்தான். 2022-இல் திரும்பவும் அஸ்தானா. அலமாரியில் தூங்கிய என் பழைய அட்லஸ் இடையில் கொஞ்சகாலம் தப்பாக இருந்துவிட்டு, ஒரு துரும்பையும் அசைக்காமல் மறுபடி சரியாகிவிட்டது. ஆபீஸில் இப்படிப் பதவி உயர்வு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்கா இன்னும் தாராளம். நிர்வாகத்துக்கு பிரிட்டோரியா, நாடாளுமன்றத்துக்கு கேப் டவுன், நீதிக்கு புளூம்ஃபோன்டைன். "மூணையும் சொன்னா மூணு மார்க்கா?" என்றான் அவள் தம்பி. கேள்வி கேட்பவர் கையிலிருக்கும் தாளில் எது இருக்கிறதோ அதுதான் தலைநகர் என்று சொல்லிவைத்தேன். வினாடி வினாவின் மொத்த சூட்சுமமும் அதுதானே!

வம்பு வந்தது இந்தியக் கடற்கரையால். நான் படித்த காலம்தொட்டு 7,516 கிலோமீட்டர். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையோ 11,098 என்கிறது. "நடுவுல இடம் ஏதாவது வாங்கினோமா மாமா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். அவன் அப்பா ரியல் எஸ்டேட்.

இடம் வாங்கவில்லை, உற்றுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். முன்பு 45 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய வரைபடத்தில் அளந்தது. இப்போது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. முன்பு கண்ணில் படாத கழிமுகமும் வளைவும் நெளிவும் இப்போது கணக்கில் வந்துவிட்டன. இதை வாயால் சொன்னால் ஏறுமா? குஜராத் கரையை ஸ்கேலால் ஒரு தடவை, தையல் நூலால் ஒரு தடவை அளக்கச் சொன்னேன். கட்ச் வளைகுடாவுக்குள் நுழைந்த நூல் வெளியே வரவே மாட்டேன் என்றது. அன்று சாயங்காலம் வேறு எந்தப் பாடமும் நடக்கவில்லை. "நூல் விளையாட்டெல்லாம் எதுக்குண்ணா, வர்ற கேள்வியை மட்டும் சொல்லிக்கொடுங்க" என்று ஒரு தாயார் வந்து நின்றார்.

போட்டியில் வந்த கேள்வியும் அந்தக் கடற்கரை நீளம்தான். பஸ்ஸரை முதலில் அமுக்கிய எங்கள் பெண் எழுந்து நின்று, "எந்த ஸ்கேல்ல அளந்தது சார்?" என்றாள். கேள்வி கேட்டவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்தது. அடுத்த அணி ஒரே மூச்சில் 7,516 என்று சொல்லிப் பத்து மதிப்பெண்ணும் கைதட்டலும் வாங்கிக்கொண்டது.

எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஓர் உலக உருண்டை. ஆட்டோ கிளம்புவதற்குள் மூவரும் அதில் தப்புத் தேட ஆரம்பித்தார்கள். 2011-இல் பிறந்த தெற்கு சூடானைக் காணோம் என்று முதலில் கத்தியவன் தம்பி. எஸ்வாட்டினி இன்னமும் ஸ்வாசிலாந்தாகவே இருக்கிறது என்று அக்கா அடுத்த மதிப்பெண்ணை எடுத்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "கடைல குடுத்து மாத்திக்குங்க சார்" என்றார்.