சேலா வீட்டுத் தறி

மத்தேயு ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வாங்கிய ஆள். அந்தப் புத்தி லேசில் போகுமா? இயேசுவின் கதையைச் சொல்ல வந்தவர், எடுத்த எடுப்பிலேயே பேரேட்டை விரித்துவிட்டார். இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று ஒரே பெற்றான் மயம். இடுப்பு வலி கண்டவள் எவளோ, வரவு மட்டும் ஆம்பளை பேரில்!

தலைமுறைகளை 14, 14 ஆக மூன்று கட்டுக் கட்டியிருக்கிறார். கணக்கு இடித்த இடத்தில், யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரையும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார். மூவரும் முடிசூடி ஆண்டவர்கள், பாவம். அப்படியும் கடைசிக் கட்டில் 13தான் தேறுகிறது. லூக்காவிடம் போனால் யோசேப்புக்குத் தகப்பனே வேறு. இவர் யாக்கோபு என்கிறார், அவர் ஏலி என்கிறார்.

சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளிலேயே அதுதான் முதல். ஆசையாகத் திறந்த தமிழனை வரவேற்றது இந்தப் பெயர்க் கும்பல்தான்.

கும்பலில் தாமார் என்றொரு பெண். யூதாவுக்கு ஏர், ஓனான், சேலா என்று மூன்று பையன்கள். தாமாரைக் கட்டிய ஏர் செத்தான். அடுத்துக் கட்டிய ஓனானும் செத்தான். யூதாவுக்குக் குலை நடுங்கியது. "சின்னவன் வளரட்டும் கண்ணு, அதுவரைக்கும் உங்கப்பன் வீட்டுல இரு" என்று பொண்ணை அனுப்பிவிட்டார். சேலா மீசை முளைத்து நின்றும் பேச்சே இல்லை. மாமனார் ஆட்டு மயிர் கத்தரிக்கப் போகும் வழியில் தாமார் முக்காடு போட்டு உட்கார்ந்தாள். கிழவர் மருமகளென்று தெரியாமலே மடங்கினார். கூலி ஒரு வெள்ளாட்டுக்குட்டி. அதற்கு அடகாக முத்திரையும் கைக்கோலும் போயின. பிறகு அவள் கர்ப்பம் என்று கேள்விப்பட்டு, கிழவரே அவளைக் கொளுத்தச் சொன்னபோது, அடகுப் பொருளை எடுத்துப் போட்டாள். என்னைவிட அவள்தான் நீதியுள்ளவள் என்று கிழவர் ஒப்புக்கொண்டார். பிறந்தது இரட்டை. அதில் பாரேஸ் வழியில்தான் தாவீது, சாலொமோன், இயேசு எல்லாரும்.

சரி, மாப்பிள்ளை ஆகாமல் போன சேலா என்ன ஆனான்? மத்தேயு கண்டுகொள்ளவே இல்லை. முதலாம் நாளாகமத்துக்குப் போகவேண்டும். அதில் முதல் 9 அதிகாரமும் பெரும்பாலும் பெயர்தான். தூக்கம் வராதவர்களுக்கு நல்லது. 4ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வையுங்கள். சேலாவின் வம்சத்தில் மெல்லிய துணி நெய்கிற அஸ்பெயா வீட்டார் இருக்கிறார்கள். இரண்டு வசனம் தள்ளி, ராஜாவுக்கு வேலை செய்த குயவர்கள். செத்துப்போன அண்ணன் பெயரையே மகனுக்கும் ஏர் என்று வைத்திருக்கிறான் சேலா. நல்ல மனுசன்.

அண்ணன் தம்பி வகையறாவில் ஒரு கிளை சிம்மாசனம் ஏறியது, ஒரு கிளை தறியில் உட்கார்ந்தது. சிம்மாசனத்துக்காரன் போர்த்திய மெல்லிய துணியை யார் நெய்திருப்பார்கள் என்று எங்கள் மடத்துக்குளத்துக்காரனுக்குச் சொல்லவேண்டியதில்லை. இங்கே நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் நிற்பவளும், திருப்பூரில் கைமடிச்சுக் கொடுப்பவளும், பிசிர் வெட்டுபவளும் பனியனின் லேபிளில் இல்லை. அஸ்பெயா வீட்டாருக்கு அரை வசனமாவது கிடைத்தது.

டிசம்பரில் சபையில் மத்தேயு முதல் அதிகாரம் வாசிக்கப்போகும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஆசோர், ஆகீம், எலியூத் வரும்போது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடாதீர்கள். பைபிள் முழுக்கத் தேடினாலும் அவர்களுக்கு வேறு கதை கிடையாது.