ஜாடிக்குள் சூரியன்

கே: அனல்மின் சாம்பல் எங்கள் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. குளிர் அணுக்கரு இணைவு வந்தால் நிலக்கரிக்கு விடைகொடுக்கலாமா?
- வாசகர், மீஞ்சூர்

ப: உங்கள் வாய்க்குச் சர்க்கரை! 1989 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டாவில் ஃப்ளெய்ஷ்மன், பான்ஸ் இருவரும் கனநீரில் பல்லேடியத்தை வைத்து மின்சாரம் செலுத்தி, சாதாரண வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைந்து, கொடுத்ததைவிட அதிக வெப்பம் கிடைத்ததாக அறிவித்தார்கள். டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், இயக்குநர் பி.கே. அய்யங்கார் காலத்தில் உடனே சோதித்து, இணைவின் அடையாளமாகக் கருதப்படும் டிரிட்டியம் தென்பட்டதாகப் பதிவு செய்தார்கள். 2011-ல் சென்னையிலேயே இதற்குச் சர்வதேச மாநாடு நடந்தது. ஆனால், கூகுள் நிதியில் பல ஆய்வகங்கள் மறுபடி செய்துபார்த்து 2019-ல் சொன்னது: ஆதாரம் கிடைக்கவில்லை. யார் உலை வைத்தாலும் சோறு வேக வேண்டும். அதுவரை அறிவியல் இலை போடாது. ஆராய்ச்சி நடக்கட்டும். ஆற்றுச் சாம்பலை அள்ளச் சொல்லி இன்றே மனுக் கொடுங்கள்.