மரை கழண்ட மருமவனுக்கு

வாலே மருமவனே. மூணாவது குச்சியும் ஒடிஞ்சிட்டாமே? அடுப்புக்குச் சுள்ளி இல்லைன்னு அத்தை நேத்துத்தான் பொலம்புனா. ஒடனே ஏற்பாடு பண்ணிட்டே. பாசக்காரப் பய.

ஊருக்குள்ள மரை கழண்டவன் நெறைய பேரு உண்டு. மரத்துல மரை வெட்டணும்னு அலையுதவன் நீ ஒருத்தன்தான். ரவுட்டர் வாங்குனே, கண்ணுக்குக் கண்ணாடி வாங்குனே, காஞ்ச கட்டை மட்டும் வாங்கலை. பச்சைக் கம்புல வெட்டுனா, காயக் காய உருட்டு கோழிமுட்டை மாதிரி ஆயிரும். அப்புறம் நட்டுக்குள்ள எப்படி நுழையும், மந்திரம் போட்டா? நாரு நெருங்கிக் கெடக்க பூவரசை எடுன்னா, தென்னங்கட்டையைத் தூக்கிட்டு வாரே. அதுல மரை வராதுலே, கயிறு திரிக்கத் தும்புதான் வரும்.

அதுகூடப் போட்டும். நட்டைச் செய்யாம திருகைச் செய்ய உக்காந்தே பாரு, மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்ச பொறவு பொண்ணு தேடப் போன கதை. ஒரு இஞ்சு திருகுன்னா நட்டுல முக்கால் இஞ்சு ஓட்டை போடு. அதே முக்கால் இஞ்சு உருட்டு ஒண்ணுல காகிதத்தைச் சுத்தி, ஓரம் முட்டுத எடத்துல கத்தரி. விரிச்சு, சாய்வாக் கோடு போடு: ஒரு சுத்துக்குக் கால் இஞ்சு ஏறணும். திருப்பி ஒட்டுனா ஒரு கோட்டு வாலு அடுத்த கோட்டுத் தலையில வந்து முட்டும். முட்டலைன்னா ஒனக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியாரைப் போய்ப் பாரு. அந்தக் கோட்டு மேலயே சன்ன ரம்பத்தால அறுத்துட்டு, உருட்டு நுழையுத ஓட்டை போட்ட பக்கத்துக் கட்டையில ஒரு தகரத் துண்டைச் செருகி, அந்த வெட்டுல உக்கார வையி. உருட்டைத் திருக்குனா தன்னால கால் கால் இஞ்சா நகரும். நுனியில மாட்டுன கூரு நட்டைச் சொரண்டிக்கிட்டே போவும். ஒவ்வொரு தடவையும் நெகக் கனம்தான் வெளிய நீட்டணும். பொறுமை ஒங்க பரம்பரையிலயே கெடையாது. ஒங்க அப்பனைச் சொன்னேன்.

நட்டு முடிஞ்சா, அதுக்கு முன்னால ஒரு இஞ்சு ஓட்டை போட்ட கட்டையைச் சேத்து, நடுவுல ரவுட்டர் பிட்டு எட்டிப் பாக்க மாதிரி வையி. ஆளிவிதை எண்ணெயில ஊறுன குச்சியைத் திருக்கு. வெட்டுன மரை நட்டைப் பிடிச்சு, மிச்சக் குச்சியை அதுவே இழுத்துக்கிடும்.

அலெக்சாந்திரியாவுல ஹீரோன்னு ஒருத்தர், சினிமா ஹீரோ இல்லலே, கி.பி. 1-ஆம் நூற்றாண்டுலயே நட்டுக்கு மரை வெட்டுத கருவியைப் பத்தி எழுதி வச்சிட்டாரு. கரண்டு பில்லு கெட்டாத மனுசன்.

தகரத்துக்கு எங்க போவன்னு முழிக்காத. அத்தை அரிசி அளக்குத டின்னு அந்தா இருக்கு. அவ கோயில்ல இருந்து வாரதுக்குள்ள வெட்டிரு. கேட்டா நீதான் எடுத்தேன்னு சொல்லிருவேன்.