செருப்பிழுப்பு: சில ஆய்வுக் குறிப்புகள்

யானைக்கு நூல் உண்டு, குதிரைக்கு உண்டு, பல்லி விழும் பலனுக்கும் உண்டு. வாசலில் கழற்றிப்போட்ட செருப்பின் ஒரு முனையை நாயும் மறுமுனையை வீட்டுக்காரரும் பிடித்திழுக்கும் அன்றாட நிகழ்வுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அக்குறையைக் களையவே இச்சிறு முயற்சி.

முதலில் நிகழ்வின் தொடக்கம். செருப்பைக் கவ்விய நாய் ஒரேயடியாக ஓடிவிடுவதில்லை. நாலடி தள்ளி நின்று, முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டியபடி நம் முகத்தையே பார்க்கும். நாம் இதைத் 'திமிர்' என்போம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்க் பெக்காஃப் இதை விளையாட அழைக்கும் சைகை என்கிறார். கண்ட நேரத்தில் நாய்கள் இந்தக் கும்பிடு போடுவதில்லை என்பது 1995இல் வெளிவந்த அவருடைய ஆய்வின் முடிவு. கடித்து உலுக்குவது போன்ற, தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய காரியத்துக்குச் சற்று முன்போ பின்போதான் அதிகம் போடுகின்றனவாம். 'கடிக்கப்போறேன், மனசுல வச்சுக்காதீங்க' என்பது இதன் உரை.

அடுத்து அதிகாரச் சிக்கல். இழுபறியில் நாயை ஜெயிக்கவிட்டால் அது தலைக்கு மேல் ஏறிவிடும் என்பது டீக்கடைப் பள்ளியின் நெடுநாள் கோட்பாடு. பொறையைப் பிட்டு நாய்க்குப் போட்டுக்கொண்டேதான் அப்பள்ளியின் மூத்த அறிஞர்கள் இதை வலியுறுத்துவார்கள். இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் 14 கோல்டன் ரெட்ரீவர்களிடம் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தில் நாய்களை ஜெயிக்கவிட்டார்கள், இன்னொரு கட்டத்தில் தோற்கடித்தார்கள். ஜெயித்த நாய் எதுவும் வீட்டை எழுதிக் கேட்கவில்லை. ஆதிக்கம் கூடியதற்கான அடையாளமே இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும், விளையாடிய பிறகு நாய்கள் தங்களிடம் சொன்னதைக் கூடுதல் கவனத்தோடு கேட்டன. ஏற்கெனவே விளையாட்டுப் பித்துப் பிடித்தவை மட்டும் ஜெயித்தபின் இன்னொரு ஆட்டத்துக்கு நச்சரித்தன. டீக்கடைப் பள்ளி இம்முடிவை இன்னும் ஏற்கவில்லை. 'அது வெள்ளைக்கார நாய்' என்பது அவர்கள் மறுப்பு.

கல்வித்துறைக்கும் இதில் சேதி உண்டு. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில் 16 லாப்ரடார்களுக்கு இரண்டு பொருள்களுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாடம் முடிந்ததும் ஒரு பாதிக்கு அரைமணி நேரம் நடையும் விளையாட்டும்; மறுபாதிக்கு ஓய்வு. மறுநாள் அதே பாடத்தைத் திரும்பப் பிடிக்க விளையாடியவற்றுக்குச் சராசரியாக 26 முயற்சிகள் போதுமானதாக இருந்தன. ஓய்வெடுத்தவற்றுக்கு 43 தேவைப்பட்டன. பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு வாத்தியார்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம்.

விளையாட்டே கூலியாகும் இடமும் உண்டு: விமான நிலையத்து மோப்ப நாயை எடுத்துக்கொள்வோம். பெட்டி பெட்டியாக முகர்ந்து போகும் அதன் கடமையுணர்வைக் கண்டு நாம் நெகிழ்கிறோம். அதற்கு வெடிகுண்டு பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட வாசனையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தால் பந்து வரும் என்பது மட்டும் தெரியும். பல மோப்ப நாய்களின் பயிற்சி மொத்தமும் இதன்மேல்தான் நிற்கிறது. தேசப் பாதுகாப்பின் ஒரு பகுதி ரப்பர் பந்தை நம்பி இருக்கிறது என்று எழுத நமக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

இனி மூலப் பிரச்சினை. நாய் செருப்பைத் தூக்கியதும் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, 'டேய் மணி, விடுடா!' என்று தெருமுனைவரை துரத்துகிறார். மணிக்கு இதைவிடப் பெரிய பரிசு உலகில் இல்லை. செருப்பைத் தூக்கினால் ஆள் ஓடி வருவார் என்று அது கண்டுகொண்டது, நாளையும் தூக்கும். ஆக, பயிற்சி நடந்திருப்பது உண்மை. பயிற்றுநர் யார் என்பதில்தான் நாம் இதுவரை குழம்பியிருந்தோம்.

ஆகவே வாசகர்களே, துரத்தாதீர்கள். பழைய வேட்டி ஒன்றை முறுக்கி நடுவில் முடிச்சுப் போட்டு வையுங்கள். செருப்பை விட்டால் வேட்டி ஆட்டம், பல் கையில் பட்டால் ஆட்டம் நின்றுபோகும். இதை வீட்டில் எல்லோரும் ஒரேமாதிரி கடைப்பிடிக்க வேண்டும். அதுவரை, விருந்தாளிகளின் செருப்பை உயரத்தில் வைப்பது நல்லது.