ஆறாம் நிலை வழிகாட்டி

எங்கள் செபராங் ஜெயாவில் பார்க்க என்னதான் இருக்கிறது என்று பினாங்குத் தீவுக்காரர்கள் கேட்பார்கள். 1985-இல் பாலம் திறந்ததிலிருந்து கேட்கிறார்கள். பதிலுக்குக் காத்திராமல் அதே பாலத்தில் ஏறித் திரும்பியும் போய்விடுவார்கள். அவர்களுடைய ஜார்ஜ் டவுனுக்கு 2008-இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. 2012-இல் ஓர் ஓவியர் ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்களுக்குப் பழைய சைக்கிள் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சைக்கிளோடு படம் எடுத்துக்கொள்ள இன்றும் வரிசை நிற்கிறது. எங்கள் தெருக்களுக்குக் கிடைத்தவை மீன் பெயர்கள். ஜாலான் தெங்கிரி, ஜாலான் தோடாக், ஜாலான் சியாக்காப். முகவரி சொன்னாலே பசிக்கும்.

ஆனால் கூகுள் மேப்பில் எங்கள் தாமானைத் திறந்து பாருங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு மதிப்புரை இருக்கும். கார் நிறுத்துமிடத்துக்கு இருக்கும், மேல்தளம் கீழ்த்தளம் தனித்தனியாக. பணம் எடுக்கும் இயந்திரத்தின் குளிர்சாதன வசதி பற்றி ஒரு பத்தியே இருக்கும். எல்லாம் அடியேன் கைவண்ணம்.

2015-இல் கூகுள் ‘லோக்கல் கைடு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரு மதிப்புரை எழுதினால் 10 புள்ளி. அது 200 எழுத்தைத் தாண்டினால் இன்னும் 10. படத்துக்கு 5. மேப்பில் விடுபட்ட இடத்தைச் சேர்த்தால் 15. நான்காம் நிலைக்கு 250 புள்ளி வேண்டும், ஆறுக்கு 1,500. 100,000 சேர்த்தவர் பத்தாம் நிலை, அதற்கு மேல் கடவுள்தான். ஆரம்பத்தில் நான்காம் நிலைக்காரர்களுக்குக் கூகுள் டிரைவில் ஒரு டெராபைட் இடம் இலவசமாகக் கொடுத்தார்கள். நான் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிட்டது. மிஞ்சியது பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதைக் காட்டினால் ஒரு ரொட்டி சானாய்கூடக் கிடைக்காது என்பதை என் மனைவி எனக்கு அவ்வப்போது நினைவூட்டுகிறாள்.

வினையே அந்த 200 எழுத்தில்தான் வந்தது. பக்கத்து மாமாக் கடையைப் பற்றி எனக்குச் சொல்ல இருந்தது ஒரே விஷயம்: தே தாரேக் நன்றாக இருக்கும், மீ கோரேங் மட்டும் வேண்டாம். ஊருக்குத் தெரிய வேண்டியதும் அவ்வளவுதான். ஆனால் அது பாதித் தூரம்கூடப் போகவில்லை. ஆகவே மின்விசிறியைப் பற்றி எழுதினேன். சுவரோரம் மூன்றாவது மேசைக்கு மேலே சுழலும் விசிறியின் காற்று தனிச் சுகம் என்று வர்ணித்தேன். நாற்காலியின் நிறத்தையும் விடவில்லை. மீ கோரேங் பற்றிய பகுதியை எடுத்துவிட்டேன். கடைக்காரர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டுமே. ஆக, யாருக்காவது உதவியிருக்கக்கூடிய நான்கே சொற்கள் போய், 20 புள்ளி வந்தது.

தமிழில் எழுதுவதில் கூடுதல் ஆதாயம் ஒன்று உண்டு. கணினிக்குள் ‘க்’ என்பது ககரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. ‘கொத்துமல்லி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. இதைத் தெரிந்துகொண்ட இரவு என் தாய்மொழிப் பற்று கரைபுரண்டது. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் படித்ததை எல்லாம் ஓரங்கட்டினேன். என் மதிப்புரைகளில் எங்கும் மிகும்.

ஒரு நாள் மாமாக் கடைக்காரர் கூப்பிட்டார். “அண்ணே, நீங்கதான ஃபேனைப் பத்தி எழுதுனது? இப்ப வர்ற ஆளெல்லாம் அந்த மேசைக்குத்தான் அடிச்சிக்கிறாங்க. மத்த ஃபேனும் அதே கம்பெனிதாண்ணே, அதையும் கொஞ்சம் எழுதுங்க.” எழுதினேன். படத்தோடு.

வீட்டில் நிலவரம் வேறு. சாப்பாட்டுக் கடைக்குப் போனால் நான் எழுந்து நின்று, தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, படம் எடுத்து முடிக்கும் வரை யாரும் கை வைக்கக்கூடாது. மாமியார் ஒருமுறை கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்துவிட்டு, “மாப்ள, படையல் முடிஞ்சிருச்சா, சாப்பிடலாமா?” என்றார். மகன் சிரித்தான். அவனையும் தட்டுக்கு அளவுகோலாகப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறேன், எனவே சிரிக்க அவனுக்கு உரிமை உண்டு.

இந்த நோய்க்கு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதக்கங்கள் உண்டு. லெஸ்கோவெக், கிளெய்ன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் 2013-இல் அங்கே நடப்பதைக் கணக்கெடுத்து எழுதினார்கள். பதக்கம் நெருங்க நெருங்க ஆட்கள் அதற்கு எது எண்ணப்படுகிறதோ அந்த வேலையில் பாய்கிறார்கள். பதக்கம் கைக்கு வந்ததும் வேகம் தணிந்துவிடுகிறது. என்னை ஒளிந்திருந்து பார்த்தார்களோ என்று தோன்றியது. ஆறாம் நிலைக்குக் கொஞ்சம் பாக்கி இருந்த வாரத்தில் சன்வே கார்னிவல் பேரங்காடிக்கு மனைவியை அழைத்துப் போய், கடைப் பக்கமே போகாமல், நுழைவாயில்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன். நிலை உயர்ந்த மறுநாள், பறவைப் பூங்காவுக்கே போய்வந்தும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. ஊரில் எழுதத் தகுந்த இடம் அது ஒன்றுதான்.

என்னைவிட மோசமானவர்களும் உண்டு என்பது ஆறுதல். 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர் தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்து, நண்பர்களை வைத்துப் புகழ்ந்து எழுத வைத்து, அந்த நகரத்தின் முதலிடத்துக்கே கொண்டுபோனார். சமைக்கவே இல்லை. நான் எழுதிய கார் நிறுத்துமிடங்கள் நிஜமாகவே இருக்கின்றன. 

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மச்சான் ஃபேஸ்புக்கில் காலை ஆறு மணிக்கே யாரையாவது திட்டிவிடுவார். அதற்கும் கணக்கு உண்டு. 2017-இல் ஃபேஸ்புக் ஒரு கோப முகத்துக்கு ஐந்து லைக் மதிப்பு வைத்தது. எரிச்சலூட்டிய பதிவு மேலே ஏறியது. 2020-இல் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். மச்சானிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

என் மனைவி இந்த வெட்டிப் பெருமைக்கெல்லாம் அப்பாற்பட்டவள். அவள் ஷோப்பி இணையக் கடையில் எழுதுகிறாள். அங்கே 100 காயின் சேர்ந்தால் ஒரு வெள்ளி, உண்மையான வெள்ளி, அடுத்த பில்லில் கழியும். வாங்கிய பொருளுக்கு நாலு வரியும் படமும் போட்டால் காயின். நாடே அந்த நாலு வரியை எழுதிக்கொண்டிருக்கிறது. குக்கர் வாங்கலாமா என்று பார்க்கப் போனால், “பாராங் டா சம்பாய், பெலும் ட்ரை லாகி” என்று ஐந்து நட்சத்திரம் இருக்கும். பொருள் வந்துவிட்டது, இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை, ஆனால் பிரமாதம். கூடவே தூங்கும் பூனையின் படம். அடியில் மரியாதையாக ஒரு குறிப்பு: படம் அலங்காரத்துக்கு மட்டும், காயினுக்காக. அந்த நேர்மையை நான் என் விசிறிப் பத்தியில் காட்டவில்லை.

மனைவிக்குக் குறை ஒன்றுதான். பொட்டலத்தைப் பிரித்த கையோடு படம் எடுக்க அவளுக்கு நேரம் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் பூனையும் இல்லை. போன மாதம் என் கைப்பேசியை வாங்கி நோண்டிக்கொண்டிருந்தாள். “என்னங்க, இவ்ளோ படத்தைச் சும்மா வச்சிருக்கீங்களே” என்றாள், முதல்முறையாக என் சேகரிப்பை மதித்து. இப்போது அவள் வாங்கிய தரை துடைப்பானின் மதிப்புரையில் ஜாலான் தோடாக் கார் நிறுத்துமிடத்தின் கீழ்த்தளம் இருக்கிறது. தேங்காய் துருவிக்குப் பேருந்து நிறுத்தம். துடைப்பான் வாங்க நினைத்த சிலர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘பயனுள்ளது’ என்றும் அழுத்தியிருக்கிறார்கள். காயின் அவள் கணக்கில் ஏறிவிட்டது. எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். “நீங்கதான் ஆறாம் நிலை ஆச்சே” என்றாள்.