யுனான் அண்ணை

தோர்ண்டன் ஹீத்தில் அவரை முழுமையாகக் காண வேண்டுமானால், லண்டன் ரோட்டுத் தமிழ்க் கடையில் மரக்கறி இறங்கும் சனிக்கிழமைக் காலைக்குப் போக வேண்டும். வெண்டிக்காய் நுனியை முறித்தபடியே தொடங்குவார்: "லிஜியாங்கில மரக்கறி உப்பிடி வாடி இராது தம்பி." லிஜியாங் எங்கே என்று தம்பி கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் குற்றமில்லை, அண்ணை சொல்லிவிடுவார்.

தென்மேற்குச் சீனா. யுனான் மாகாணம். முந்தி எங்கள் ஆட்கள் லூர்து போனார்கள். சுவிஸில் கலியாண வீடு என்ற சாட்டில் ஒரு பனிமலையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது மோட்கேஜ் முடிந்து, பிள்ளைகள் கரைசேர்ந்து, முழங்கால் இன்னும் சொல்வழி கேட்கிற வயதில் குறூப் டூர் கிளம்புகிறார்கள். அதில் எப்படியும் ஒரு யுனான் அண்ணை இருப்பார்.

அண்ணையிடம் எல்லா மலைக்கும் ஒரே அளவுகோல்தான்: நுவரெலியா. லிஜியாங்கின் பழைய நகரம் 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரம். இலங்கையின் உச்சியான பிதுருதாலகாலவுக்கே 2,524தான். அண்ணையின் தீர்ப்போ: "நுவரெலியாக் குளிர்தான். வாய்க்கால் மட்டும் துப்புரவு." பக்கத்து யூலொங் பனிமலையில் 4,506 மீற்றர் வரை கேபிள் கார் போகிறது. மூச்சு முட்டும் என்று ஒக்சிசன் குப்பி விற்பார்கள். அண்ணை வாங்கவில்லை, சித்தாலேப கொண்டுபோயிருந்தார். மேலே எடுத்த படத்தில் மூக்கு பளபளக்கிறது. பின்னால் இருந்திருக்க வேண்டிய மலையைக் காணவில்லை. அவருடைய படங்கள் எதிலும் மலைக்கு இடம் போதாது.

"பிறகு புலி பாஞ்ச இடத்துக்குப் போனம்" என்றதும், மீன்பெட்டியடியில் நின்ற இரண்டு பேர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை குரலைத் தணித்து, "இது மிருகம்" என்றார். யாங்சியின் மேல்பகுதியான ஜின்ஷா ஆறு, யூலொங் மலைக்கும் ஹபா மலைக்கும் நடுவே நெருக்குப்பட்டு ஓடுகிற பள்ளத்தாக்கு அது. வேடனுக்குத் தப்ப ஒரு புலி அக்கரைக்குப் பாய்ந்ததாம். நடைபாதையில் 28 வளைவுகள் ஒரே ஏற்றம். களைத்து விழப்போகிறவரை முதல் வளைவிலேயே இனங்கண்டு, ஒரு சொல்லும் பேசாமல் பின்னால் கோவேறு கழுதையோடு வருகிறவர்கள் அங்கே உண்டு. அண்ணைக்குப் பின்னால் இரண்டு கழுதைகள் வந்தனவாம். அதைச் சொன்னது அண்ணை இல்லை, அக்கா.

அக்காவின் சூட்கேஸில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போனது, திரும்பியும் வந்தது. யுனான்காரர் மிளகாயில் எங்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். அங்கே கொதிக்கிற சூப் ஒரு கோப்பையிலும், அரிசி நூடில்ஸும் மெல்லிய இறைச்சிச் சீவலும் வேறு தட்டுகளிலும் வரும். நாமே போட்டுச் சாப்பிட வேண்டும். அண்ணை பார்த்தாராம். "இடியப்பம்தான். புழிஞ்சவன் கையை எடுக்க மறந்திட்டான்."

வரும்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் பூஆர் தேயிலை கொண்டுவந்தார். ஒரு காலத்தில் கழுதை முதுகில் திபெத்து வரை ஏறிய சரக்கு. ஒரு வட்டு வழமையாக 357 கிராம். பார்க்க அசல் வறட்டி. கடைக்காரருக்கும் ஒன்று கிடைத்தது. அவர் அதை மரியாதையாக முகர்ந்து பார்த்துவிட்டுச் சாம்பிராணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சிக் குடித்தவர்கள், அண்ணையைக் கண்டால் இப்போது அங்கால் பக்கத்து நடைபாதைக்கு மாறுகிறார்கள்.

ஷங்ரி-லாவில் மட்டும் அண்ணைக்கு மனத்தாங்கல். "வெள்ளைக்காரன்ர கதைப்புத்தகத்தில வந்த பேரை 2001இல ஊருக்கு வைச்சிருக்கிறாங்கள். நாங்கள் வைச்சமே? நுவரெலியா எப்பவும் நுவரெலியாதான்."

அப்போதுதான் அக்கா கறிவேப்பிலைக் கட்டைக் கூடைக்குள் போட்டபடி சொன்னார்: "இவர் நுவரெலியாவுக்குப் போனது பள்ளிக்கூடச் சுற்றுலாவில ஒருக்கா. அதுவும் போக வர பஸ்ஸுக்குள்ள சத்தி."

கடை சிரித்தது. அண்ணை அசையவில்லை. கல்லாவில் நின்ற பெடியன் நிலைமையைச் சமாளிக்க, "ஸ்கொட்லாந்துப் பக்கம் போனீங்களோ அண்ணை? பென் நெவிஸ் நல்ல வடிவாம்" என்றான்.

"பென் நெவிஸோ?" அண்ணை வெண்டிக்காயைத் தராசில் வைத்தார். "1,345 மீற்றர். லிஜியாங்கில நாங்கள் தேத்தண்ணி குடிச்ச கடை அதைவிட உயரம்."