கண்ணுக்குத் தெரியாத ரத்தம்

கேள்வி: குடல் புற்றுநோய் இருக்கான்னு பார்க்க எங்க வீட்டுக்காரரை மலம் கொடுக்கச் சொல்லுதாங்க. அவுக மூஞ்சியைச் சுளிக்காக. என்ன சொல்லட்டும் அண்ணாச்சி?
– ஒரு வாசகி, திருச்செந்தூர்

பதில்: தாராளமாகச் சுளிக்கட்டும். குச்சியில் துளி எடுத்துக் குப்பியில் போட்டால் வேலை முடிந்தது. ஜப்பானில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 1992 முதல், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் இந்தச் சோதனை உண்டு. ஸ்காட்லாந்தில் தபாலிலேயே அனுப்புகிறார்கள். தபால்காரருக்கு என் அனுதாபங்கள்!

பழைய முறையில் சில நாள் ஆட்டுக்கறியைத் தள்ளிவைக்க வேண்டும். சஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருக்கும் உங்கள் ஊருக்கு அது பெரிய காரியமா? இப்போதைய 'ஃபிட்' சோதனைக்கு அதுவும் வேண்டாம்; மனித ரத்தத்தை மட்டுமே தேடும்.

ரத்தம் தென்பட்டால் புற்றுநோய்தான் என்றில்லை, மூலமாகவும் இருக்கலாம். ஆனால் "மூலம்தான்" என்று தாமே தீர்ப்பெழுதிவிட்டுக் கருணைக்கிழங்கு வாங்கக் கிளம்பக் கூடாது. கொலோனோஸ்கோப்பி செய்தே ஆகவேண்டும். புற்றாக மாறக்கூடிய பாலிப் இருந்தால் அப்போதே நறுக்கி எடுத்துவிடலாம்.

நம் தேசியப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையே பார்க்கிறது. குடலுக்கு நாமாகத்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும். ரத்தம் கண்ணுக்கே தெரிகிறதா? குப்பியைத் தேடாமல் நேரே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.